பெகு ரயில்

வரிக்கு இருநூறு கியாட்.
பர்மியம் படித்து வளர்ந்த எந்திரத்துக்குத்
தமிழ் திருத்துகிறேன், மோல்மேனில்,
கரண்ட் இருக்கும் நாலு மணி நேரத்தில்.
வீட்டில் கேட்டால் "டைப்பிங்" என்பேன்.

கேட்பவர் பெயர் எனக்கு வராது. ஊர் வராது.
கேள்வி மட்டும் வரும், எண் போட்டு,
ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி.

முதல் வாரம் முழுக்கச் சண்டை.
அது "மாதவிடாய்" என்று எழுதும்;
எங்கள் தெருவில் யாருக்கும் அப்படி ஒன்று வந்ததில்லை.
"தூரம்" வரும், "தலைக்குளி" வரும்.
"தீட்டு" என்று நான் தட்டியதும்
சுத்தம் அசுத்தம் பற்றி ஒரு பத்தி பாடம் எடுத்தது.
பர்மியத்தில் "தம்மதா".
இயல்பு, அதுபாட்டுக்கு நடப்பது;
உதிரத்துக்கும் அதே சொல்தான்.
அன்று தமிழ் மேல் கொஞ்சம் கோபம் வந்தது.
பிறகு சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

"கருப்பைவாய்" என்று ஒருமுறை
சத்தமாய்ச் சொல்லிப் பார்த்தேன், காதுக்கு எப்படி இருக்கிறதென்று.
பக்கத்து அறையில் மாமனார் இருமினார்.

கேள்வி 2117:
"பெகு ரயில் நாலு மாசமா வரலை. என்ன செய்ய."

எந்திரம் பதறாமல் சொல்லியிருந்தது:
தாமதத்துக்கு வருந்துகிறோம்.
நிலைய அதிகாரியிடம் விசாரிக்கவும்.
பேருந்தில் செல்வதையும் பரிசீலிக்கலாம்.

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

தட்டோனில் என் அம்மா வீட்டில் அதற்குப் பெயர் "துணி".
"பெகு ரயில்" இந்த வீட்டுச் சொல்.
கல்யாணமாகி மூன்றாம் நாள்
சாமி அறை வாசலில் என்னை நிறுத்தி
"ரயில் வந்துருச்சா?" என்று கேட்டபோது
யாரோ ஊருக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கீழே இன்னும் இருந்தது.
"வயசு நாப்பத்தேழு. நின்னு போச்சா, புள்ளையா?
வீட்டுல மருமக இருக்கா. மூணு வருசமா
அவளுக்கு ஒண்ணும் தங்கலை.
அவ முன்னாடி நான் எப்பிடி"

முற்றுப்புள்ளிகூட இல்லை.

மருமகள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.
மருமகளின் மாத்திரை அட்டை
தையல் மெஷின் இழுப்பறையில்
பாபின்களுக்கு அடியில் கிடக்கிறது,
அதே மூன்று வருசமாக.

விதி ஏழு: கேட்பவர் யாரென ஊகிக்கக் கூடாது.
விதி எட்டு: சொந்தக் கருத்து சேர்க்கக் கூடாது.

அகராதிப் பெட்டியில் எழுதினேன்:
பெகு ரயில், மாதவிடாய், வட்டார வழக்கு.
ஒரு வீட்டை வட்டாரம் என்று சொல்லிவிட்டேன்.
எந்திரம் நம்பியது. புதிதாய் எழுதியது:
இந்த வயதில் இரண்டுக்கும் வாய்ப்புண்டு,
சோதனைப் பட்டை மருந்துக் கடையில் கிடைக்கும்,
எதுவானாலும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது,
தாங்கள் நாணப்பட வேண்டியதில்லை.

"தாங்கள்" என்பதை "நீங்க" ஆக்கினேன்.
"நாண"த்தில் வெகுநேரம் நின்றேன்.
"வெக்கப்பட இதுல ஒண்ணுமில்லை."
அனுப்பியதும் கரண்ட் போனது.
இருட்டில் அதே வரியை
இழுப்பறைக்கும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் சந்தையில் இரண்டு பட்டை வாங்கினேன்.
கடைக்கார மா சூ என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள்.
சிரிக்கட்டும்.
குளியலறை ஜன்னலில், ஷாம்பு பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில்
எனக்கென்று வைத்த மாதிரி வைத்தேன்.

சாயங்காலம் ஒன்றுதான் இருந்தது.

அத்தை புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.
என் பக்கம் திரும்பாமல்,
"இன்னைக்குக் கரண்ட் எத்தனை மணிக்கு?"
"ஒம்பதுக்கு, அத்தை."
"ம்."
ஒரு கட்டை என் பக்கம் தள்ளினார்.
ஆய்ந்தோம்.
இந்த வாரக் கீரையில் காம்புதான் அதிகம்.